மதுரை, தேக்கடி, மூணாறு, பழனி: சுற்றுலாப் பேக்கேஜை எடைபோடுவது எப்படி?

கேள்வி: மலேசியாவின் சுங்கை சிப்புட்டிலிருந்து நாங்கள் 12 பேர் தமிழ்நாட்டுக்கும் கேரள மலைப்பக்கமும் போக நினைக்கிறோம். அப்பாவுக்கு வயது 74, அம்மாவுக்கு 70. அம்மாவுக்குச் சர்க்கரையும் முட்டிவலியும் உண்டு. பள்ளிப் பிள்ளைகள் மூவர். கோயில், யானை, மலை மூன்றும் வேண்டும் என்று ஆளுக்கு ஒன்று கேட்கிறார்கள். வருடக் கடைசிப் பள்ளி விடுமுறையில் போகலாம் என்று எண்ணம். ஏஜென்ட் இரண்டு பேக்கேஜ் காட்டினார். ஒன்று 8 நாளில் 23 இடம். இன்னொன்று 9 நாளில் 11 இடம், ஆளுக்கு 900 வெள்ளி (ரிங்கிட்) அதிகம். எதை எடுப்பது?

பதில்:

23 இடப் பேக்கேஜை விட்டுவிடுங்கள். 11 இடப் பேக்கேஜை எடுங்கள், ஆனால் அப்படியே எடுக்காதீர்கள். சில இடங்களில் திருத்தச் சொல்லி, திருத்தியதை எழுத்தில் வாங்கிக்கொண்டு பிறகு முன்பணம் கட்டுங்கள். ஏன் என்று சொல்கிறேன்.

கோயிலையும் காட்டையும் மலையையும் ஒரே பயணத்தில் கோக்கும்போது இடங்களின் எண்ணிக்கையைப் பார்க்கக் கூடாது, நேரத்தைப் பார்க்க வேண்டும். தமிழ்நாட்டுக் கோயில்கள் பெரும்பாலும் மதியம் 12, 12.30 மணிக்கு நடை சாத்தி மாலை 4 மணிக்குத்தான் திறக்கும். காட்டில் விலங்கு கண்ணில் படுவது விடிகாலையிலும் சாயங்காலத்திலும்தான். மலைச்சாலையில் வண்டி மணிக்கு 25 கிலோமீட்டர் போனாலே அதிகம், இருட்டிய பிறகு அந்தச் சாலையில் போகவும் கூடாது. இந்த மூன்றும் ஒன்றுக்கொன்று விட்டுக்கொடுக்காது. பேக்கேஜ் போடுகிறவர் இதைக் கவனிக்காமல் வரைபடத்தைப் பார்த்து ஊர்ப்பெயர்களை அடுக்கியிருந்தால், நீங்கள் சாத்திய கதவையும் வெறும் தண்ணீரையும் மூடுபனியையும் பார்த்துவிட்டு வருவீர்கள்.

23 இடப் பேக்கேஜ்களில் வழக்கமாக வரும் ஒரு நாளை எடுத்துக்கொள்வோம். "ராமேஸ்வரம் தீர்த்த நீராடல், மதுரை மீனாட்சி தரிசனம், இரவு தேக்கடி" என்று ஒரே வரியில் இருக்கும். படிக்க நன்றாகத்தான் இருக்கிறது. இதற்கு நேரம் எழுதிப் பாருங்கள். ராமேஸ்வரத்தில் கோயிலுக்குள் இருக்கும் 22 தீர்த்தங்களிலும் குளித்து, ஈரத்துணி மாற்றி, சுவாமி பார்த்து, பசியாறி முடிக்கவே காலை 9 மணி ஆகிவிடும். மதுரைக்கு 170 கிலோமீட்டர், மூன்றரை மணி நேரம். போய்ச் சேரும்போது மீனாட்சியம்மன் கோயில் நடை சாத்தியிருப்பார்கள். மாலை 4 மணி வரை 12 பேரும் எங்கே உட்காருவது? பேக்கேஜில் அறை இல்லை, அன்றைய அறை தேக்கடியில். திறந்ததும் வரிசையில் நின்று பார்த்துவிட்டு வெளியே வர 6 மணி. அங்கிருந்து தேக்கடிக்கு 140 கிலோமீட்டர். தேனி, கம்பம் வழியாக (இது தேனி மாவட்டத்து ஊர்ப்பெயர், நம் ஊர்க் கம்பம் அல்ல) சமவெளியில் ஓடி, கடைசியில் இருட்டில் மலை ஏற வேண்டும். அறைக்குள் நுழையும்போது இரவு 10 மணியைத் தாண்டும். அம்மா எப்போது சாப்பிடுவார், எப்போது மாத்திரை போடுவார்? மறுநாள் தேக்கடி ஏரியில் காலை 7.30 மணிப் படகுக்கு யார் எழுவார்?

அந்தப் பேக்கேஜில் மூணாறுக்கு மறுநாள் கொடைக்கானல் இருந்தால் அதுவும் வரைபடத்தைப் பார்த்துப் போட்டதுதான். இரண்டும் பக்கத்துப் பக்கத்து மலைபோலத் தெரியும். இடையில் இருந்த பழைய மலைப்பாதை போக்குவரத்துக்கு மூடப்பட்டுப் பல காலம் ஆயிற்று. இன்று போக வேண்டுமென்றால் போடி வரை இறங்கி, தேனி, பெரியகுளம், வத்தலக்குண்டு சுற்றி மறுபடி ஏற வேண்டும். ஒரு பகல் முழுக்க வளைவுதான். கொடைக்கானலுக்கும் நீலகிரிக்கும் வெளி வண்டிகள் இ-பாஸ் (இணையத்தில் வாங்கும் நுழைவு அனுமதி) எடுக்க வேண்டும் என்று 2024 மே மாதம் முதல் நடைமுறை இருக்கிறது. அதை யார் எடுப்பது என்றும் பேக்கேஜில் எழுதியிருக்காது.

ஆகவே எந்தப் பேக்கேஜ் கையில் வந்தாலும் முதலில் ஒரு தாளில் அதைத் திருப்பி எழுதுங்கள். ஒவ்வொரு நாளுக்கும் கிளம்பும் நேரம், சேரும் நேரம், சாப்பாடு எங்கே, அறை எங்கே. நால்வழிச்சாலைக்கு மணிக்கு 60, ஊர்ச் சாலைக்கு 40, மலைக்கு 25 கிலோமீட்டர் என்று போட்டால் கிட்டத்தட்டச் சரியாக வரும். தாப்பாவிலிருந்து பழைய சாலையில் கேமரன் மலைக்கு ஏறிய அனுபவம் உங்கள் வீட்டில் எல்லோருக்கும் இருக்கும். ரிங்லெட் வருவதற்குள் யாருக்கு வயிற்றைப் புரட்டும் என்பதும் தெரியும். தேக்கடியை ஒட்டிய ஊரான குமுளியிலிருந்து மூணாறு போவது அதைவிட இரண்டு மடங்குக்கும் மேல் நீளும். ஒரு நாளைக்கு வண்டியில் 5 மணி நேரத்துக்கு மேல் போகிற நாள் இரண்டுக்கு மேல் இருந்தால், 70 வயதுக்காரர்களுக்கு அந்தப் பேக்கேஜ் ஆகாது.

உங்கள் 9 நாளுக்கு நான் சரி என்று சொல்லும் ஓட்டம் இது. கோலாலம்பூரிலிருந்து திருச்சிக்கு நேர் விமானம் நான்கு மணி நேரம். ஆனால் சுங்கை சிப்புட்டிலிருந்து விமான நிலையம் போய்ச் சேரவே நான்கு மணி நேரம் ஆகும். ஆகவே முதல் நாளைக் கணக்கிலேயே சேர்க்காதீர்கள், திருச்சியில் இறங்கித் தூங்குங்கள். இரண்டாம் நாள் காலை ஸ்ரீரங்கம், மதியம் ஓய்வு, சாயங்காலம் தஞ்சைப் பெரிய கோயில், இரவு திருச்சியிலேயே. தஞ்சாவூர் அங்கிருந்து 60 கிலோமீட்டருக்குள்தான். மூன்றாம் நாள் காலை நிதானமாகக் கிளம்பி மதுரை (135 கிலோமீட்டர், நால்வழிச்சாலை), சாயங்காலம் மீனாட்சியம்மன், இரவு மதுரை. நான்காம் நாள் காலை திருமலை நாயக்கர் மகால், சாப்பாடு முடிந்ததும் குமுளிக்குக் கிளம்பினால் வெளிச்சம் இருக்கும்போதே மலை ஏறிவிடலாம். ஐந்தாம் நாள் முழுக்கத் தேக்கடி. ஆறாம் நாள் மூணாறு. ஏழாம் நாள் முழுக்க மூணாறு. எட்டாம் நாள் மறையூர், சின்னாறு, உடுமலைப்பேட்டை வழியாகப் பழனி. ஒன்பதாம் நாள் காலை முருகனைப் பார்த்துவிட்டுத் திண்டுக்கல் வழியாகத் திருச்சி, இரவு விமானம். திருச்சி 2, மதுரை 1, குமுளி 2, மூணாறு 2, பழனி 1. மொத்தம் 8 இரவு. காட்டிலும் மலையிலும் இரண்டிரண்டு இரவு தங்குவதுதான் இந்தத் திட்டத்தின் உயிர். ஒரே இரவு என்றால் மறுநாள் விடிகாலையை மூட்டை கட்டுவதிலேயே இழந்துவிடுவீர்கள், விலங்கு நடமாடுவது அந்த நேரத்தில்தான்.

கோயில் பகுதி. தஞ்சைப் பெரிய கோயிலை ராஜராஜன் 1010-இல் கட்டி முடித்தான். விமானம் 216 அடி. அதை மதியம் பார்க்கவே கூடாது. முற்றம் முழுவதும் கல்தளம், செருப்பு வெளியே. வெயிலில் அந்தக் கல் அடுப்பில் வைத்த தோசைக்கல் மாதிரி இருக்கும், பெரியவர்கள் பாதம் பொத்துப்போகும். மாலை 4.30-க்குள் நுழைந்தால் கல் ஆறத் தொடங்கியிருக்கும், விமானத்தின் மேற்குமுகம் மஞ்சளாக மாறுவதும் தெரியும். ஆளுக்கு ஒரு ஜோடி கெட்டிக் காலுறை பையில் இருக்கட்டும்.

மதுரையில் கைத்தொலைபேசியை உள்ளே கொண்டுபோக முடியாது, வாசலில் பாதுகாப்பு அறையில் கொடுத்துவிட வேண்டும். 12 பேர் குழுவில் இங்கேதான் ஆள் தொலைவது. நான்கு திசையிலும் கோபுரம், நான்கும் வெளியூர்க்காரர் கண்ணுக்கு ஒரேபோல. உள்ளே போகும்முன் எந்தக் கோபுர வாசலில் நுழைந்தோம் என்று பிள்ளைகள் வாயால் சொல்ல வைத்து, தவறிப்போனால் பொற்றாமரைக் குளத்துப் படிக்கட்டில் வந்து நில்லுங்கள் என்று பேசி வைத்துக்கொள்ளுங்கள். இரவு மதுரையில் தங்குவதால் பள்ளியறை பூஜையைப் பார்க்க முடியும். சுந்தரேசுவரரின் திருப்பாதத்தைப் பல்லக்கில் வைத்து மேளம் நாதசுரத்தோடு அம்மன் சந்நிதிக்கு எடுத்துப்போவார்கள். மதியம் வந்து மாலையில் ஓடிவிடும் பேக்கேஜ்காரர்களுக்கு அது கிடைக்கவே கிடைக்காது. கேட்காமலேயே இதைத் திட்டத்தில் வைத்திருக்கும் ஏஜென்ட் அந்த ஊரை அறிந்தவர் என்று நம்பலாம்.

பழனியில் 693 படி. பத்துமலையின் 272-ஐ ஏறி முட்டியைப் பிடித்துக்கொண்டு நிற்பவருக்கு இது ஆகாது. விஞ்ச் என்கிற இழுவை ரயிலும் ரோப் காரும் உண்டு. ரோப் கார் காற்று பலமாக அடித்தால் நிற்கும், பராமரிப்புக்காக மாதத்தில் ஒரு நாளும் ஆண்டுக்கு ஒரு முறை பல நாளும் மூடுவார்கள். ஆகவே "ரோப் காரில் தரிசனம்" என்று மட்டும் எழுதிய பேக்கேஜில் "அல்லது விஞ்ச்" என்று சேர்க்கச் சொல்லுங்கள். அம்மாவை முதல் நாள் சாயங்காலம் ஏற்றாதீர்கள். மலைப்பயணம் முடித்து வந்த உடம்பு தூங்கி எழட்டும், விடிகாலையில் வரிசையும் குறைவாக இருக்கும். இங்கேயும் கைத்தொலைபேசிக்குத் தடை. குடும்பத்தில் சீன மருமகளோ வேறு மதத்து மருமகனோ இருந்தால் முன்கூட்டியே வழிகாட்டியிடம் சொல்லிவிடுங்கள். கருவறைப் பக்கம் எதுவரை போகலாம் என்பதில் கோயிலுக்குக் கோயில் கட்டுப்பாடு உண்டு, வாசலில் வைத்துத் தெரிந்துகொள்வது எல்லோருக்கும் மனவருத்தம்.

இனிக் காடு. ஏமாற்றம் அதிகம் நடப்பது இங்கேதான் என்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

பேக்கேஜில் "காட்டுயிர்" என்று போட்டிருந்தால் அது சரியாக என்ன என்று கேளுங்கள். தேக்கடியின் பெரியாறு புலிகள் காப்பகத்துக்குள் வனத்துறை அனுமதியோடு போவது ஒன்று. குமுளியைச் சுற்றியுள்ள தனியார் இடத்தில் சங்கிலி போட்ட யானைமேல் உட்கார வைத்துப் படம் எடுப்பது இன்னொன்று. இரண்டாவதைக் காட்டுயிர் என்று விற்கிறார்கள். அந்த யானைகள் நாள் முழுக்க வெயிலில் ஆள் சுமந்து நிற்கின்றன. பிள்ளைகளுக்கு அதைக் காட்ட வேண்டாம், அந்த வரியை எடுத்துவிடச் சொல்லுங்கள். "ஜீப் சஃபாரி" என்று இருந்தால் எந்த வழியில் போகும், காப்பக எல்லைக்குள் போகுமா, தோட்டங்களையும் மேய்ச்சல் மேட்டையும் சுற்றிக்காட்டித் திரும்புமா என்று கேளுங்கள். மேடுபள்ளத்தில் குலுக்கும் ஜீப் அம்மாவின் முட்டிக்கும் முதுகுக்கும் கூடாது. மூணாறு பக்கம் சூரியநெல்லியிலிருந்து கொழுக்குமலைக்குப் போகும் ஜீப்புக்கும் இதே எச்சரிக்கை.

தேக்கடி ஏரி இயற்கை ஏரியல்ல. 1895-இல் முல்லைப் பெரியாறு அணை கட்டி முடிந்தபோது காடு மூழ்கி உண்டானது. அன்று மூழ்கிய மரங்களின் கட்டைகள் இன்னும் கரியாகத் தண்ணீருக்கு மேல் நிற்கின்றன. படகு அவற்றுக்கு நடுவே போகும். கட்டைகளின் நுனியில் நீர்க்காகமும் பாம்புத்தாராவும் சிறகை விரித்து உலர்த்திக்கொண்டு உட்கார்ந்திருக்கும். படகுச் சத்தத்துக்கு அவை அசைவதில்லை. இதைக் காணத் தவறுகிறவர்கள் அதிகம், ஏனென்றால் எல்லோரும் யானையைத் தேடிக் கரையையே பார்த்துக்கொண்டிருப்பார்கள். கரையில் மிளா, காட்டுப்பன்றி, காட்டெருமை கண்ணில் படலாம். யானை மார்ச், ஏப்ரல் வறட்சியில் தண்ணீருக்கு இறங்கி வரும். மழைக்காலத்திலும் மழை முடிந்த மாதங்களிலும் காட்டுக்குள்ளேயே தண்ணீர் இருப்பதால் அதற்கு ஏரிக்கு வர வேண்டிய அவசியமில்லை. வருடக் கடைசியில் போகும் நீங்கள் யானையை உறுதியாக எதிர்பார்க்காதீர்கள். புலியைப் பற்றிப் பேசவே வேண்டாம். "யானை நிச்சயம்" என்று சொல்லும் ஏஜென்ட் சங்கிலி யானையைத்தான் சொல்கிறார்.

படகு ஒரு நாளைக்கு ஐந்து தடவை, ஒவ்வொன்றும் சுமார் ஒன்றரை மணி நேரம். முதல் படகும் கடைசிப் படகும்தான் நல்லவை. நடுப்பகல் படகில் ஏரியை மட்டும் பார்க்கலாம். உங்கள் பேக்கேஜில் "தேக்கடி படகு சவாரி" என்று மட்டும் இருந்தால் 11 மணிப் படகுதான் வாய்க்கும், ஏனென்றால் முதல் படகின் இடங்களை முன்கூட்டியே பதிந்து வைக்க வேண்டும். "காலை 7.30 படகு, 12 இருக்கை, பதிவு எண் பயணத்துக்கு முன் தரப்படும்" என்று எழுதச் சொல்லுங்கள். உங்கள் வண்டி படகுத்துறை வரை போகாது. வண்டி நிறுத்துமிடத்தில் இறங்கி வனத்துறைப் பேருந்தில் ஏற வேண்டும், அதற்கும் வரிசை. ஆகவே 6.15-க்கே அங்கே இருக்க வேண்டும். ஓட்டலில் அந்த நேரத்தில் பசியாற எதுவும் இருக்காது. அம்மாவுக்கு இட்லியோ ரொட்டியோ முதல் நாள் இரவே கட்டித்தரச் சொல்லுங்கள். துறையில் குரங்குகள் கையில் இருப்பதைப் பிடுங்கும். தின்பண்டத்தைப் பைக்குள் வைத்திருங்கள், பிள்ளைகள் கொடுக்கவும் வேண்டாம்.

2009 செப்டம்பர் 30-ஆம் தேதி இந்த ஏரியில் ஒரு படகு கவிழ்ந்து 45 பேர் இறந்தார்கள். மிதவை அங்கி கொடுத்தால் வெக்கையாக இருக்கிறது என்று கழற்றாதீர்கள். விலங்கு தெரிந்ததும் எல்லோரும் ஒரே பக்கம் எழுந்து ஓடுவதுதான் மிகப் பெரிய ஆபத்து. பிள்ளைகளிடம் இதை ஏறுவதற்கு முன்பே கண்டிப்பாகச் சொல்லுங்கள்.

நடக்கக்கூடியவர்களுக்கு வனத்துறையின் மூங்கில் தெப்பப் பயணமும் காட்டு நடையும் உண்டு. குறைந்த ஆட்களை மட்டுமே சேர்ப்பார்கள், உடன் வருகிறவர்கள் அந்தக் காட்டிலேயே பிறந்து வளர்ந்த வழிகாட்டிகள். படகைவிட இதில்தான் காடு தெரியும். ஈரமாக இருந்தால் அட்டை ஏறும். தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்கு அட்டையைப் பற்றிச் சொல்லித்தர வேண்டியதில்லை. அங்கே அதற்கென்று முட்டி வரை வரும் துணியுறை தருவார்கள்.

மூணாறு. உங்கள் ஏஜென்டிடம் கேட்க வேண்டிய முதல் கேள்வி ஓட்டல் எந்த இடத்தில் என்பது. ஆனச்சால், சித்திராபுரம், சின்னக்கானல் எல்லாம் பேக்கேஜில் "மூணாறு" ஆகிவிடும். டவுனிலிருந்து 10 முதல் 20 கிலோமீட்டர், அதாவது மலைக்கணக்கில் முக்கால் மணி நேரம் வரை. காலையில் ஒரு முறை, மாலையில் ஒரு முறை என்று இரண்டு நாளில் மூன்று மணி நேரம் வரை வீணாகும். ஓட்டலின் பெயரை வாங்கி வரைபடத்தில் நீங்களே தேடிப் பாருங்கள். "அல்லது அதே தரத்தில்" என்று ஒரு சொல் கூடவே வரும். அதற்குப் பக்கத்தில் "டவுனிலிருந்து 5 கிலோமீட்டருக்குள்" என்று சேர்க்கச் சொல்லுங்கள்.

அங்கே பார்க்க வேண்டியது இரவிகுளம் தேசியப் பூங்கா. தென்னிந்தியாவின் மிக உயரமான ஆனமுடி (2,695 மீட்டர்) அதற்குள்தான் இருக்கிறது, ஏற அனுமதியில்லை, பார்க்கலாம். தமிழ்நாட்டின் மாநில விலங்கான வரையாடு இங்கே புல்மேட்டில் மேயும். நடைபாதைக்குப் பத்தடி தள்ளி, ஆள் நிற்பதைச் சட்டையே செய்யாமல் புல்லைக் கடிக்கும் சத்தம் கேட்கிற தூரத்தில் நிற்கும். கிடா வயதாக வயதாகக் கருத்து, முதுகில் மட்டும் சாம்பல் பூசியது போல ஒரு திட்டு விழும். அதை வைத்துப் பிள்ளைகள் அடையாளம் கண்டுகொள்ளலாம். ராஜமலை வரை வனத்துறைப் பேருந்து, பிறகு ஏற்றமான தார்ச்சாலையில் நடை. அம்மாவால் முழுக்க நடக்க முடியாவிட்டாலும் ஆடு கீழேயே வரும். முதல் பேருந்தில் போனால் மலை தெளிவாக இருக்கும், பதினோரு மணிக்கு மேல் மூடுபனி ஏறிவிடலாம். டிக்கெட்டை இணையத்தில் நேரம் குறித்து எடுக்க முடியும். விடுமுறை நாளில் எடுக்காமல் போனால் வரிசையிலேயே இரண்டு மணி நேரம் போய்விடும். வரையாடு குட்டி போடும் பருவம் என்று ஒவ்வோர் ஆண்டும் பிப்ரவரி, மார்ச்சில் பூங்காவை மூடிவிடுவார்கள். தேதியை மாற்ற நினைத்தால் இதை மறக்காதீர்கள். நீலக்குறிஞ்சி 12 ஆண்டுக்கு ஒரு முறைதான். 2018-இல் பூத்தது, அடுத்தது 2030. அதற்கு முன் "குறிஞ்சி மலர் காட்சி" என்று எந்தப் பேக்கேஜிலாவது பார்த்தால் மற்ற வரிகளையும் சந்தேகப்படுங்கள்.

நல்லதண்ணி எஸ்டேட்டில் தேயிலை அருங்காட்சியகம் இருக்கிறது, திங்கட்கிழமை மூடியிருக்கும். அதைவிட, போகிற வழியில் ஒரு தோட்டத்து லயத்தின் (தொழிலாளர் வரிசை வீடுகளின்) பக்கம் வண்டியை நிறுத்தித் தேநீர் குடியுங்கள். அங்கே கொழுந்து பறிக்கிறவர்களில் பெரும்பாலோர் தமிழர்கள், தலைமுறை தலைமுறையாகத் தோட்டத்தில் இருப்பவர்கள். பால்மரத் (ரப்பர்) தோட்டத்தில் காலைப் பெரட்டுக்கு (ஆள் கணக்கெடுப்புக்கு) எழுந்தவர் என்றால் உங்கள் அப்பாவுக்கு அவர்களோடு பேச எத்தனையோ இருக்கும். எந்த ஏஜென்டும் இதைத் திட்டத்தில் போட மாட்டார், நீங்கள்தான் அரை மணி நேரம் கேட்டு வாங்க வேண்டும்.

வருடக் கடைசியில் போவதில் ஒரு சிக்கல் உண்டு. கார்த்திகை முதல் 41 நாள் சபரிமலை மண்டல காலம், பிறகு தை முதல் நாளையொட்டி மகரவிளக்கு. தமிழ்நாட்டிலிருந்து போகும் ஐயப்ப பக்தர்களின் முக்கிய வழி தேனி, கம்பம், குமுளி. நெரிசலான நாட்களில் கம்பத்திலிருந்து ஒருவழியாக்கி வண்டிகளைக் கம்பம்மெட்டு வழியாகத் திருப்பிவிடுவார்கள். நான்கு மணி நேரப் பயணம் ஆறாகும். குமுளியில் அறை, படகு எல்லாவற்றுக்கும் போட்டி. கிறிஸ்துமஸ், புத்தாண்டுக் கூட்டம் மூணாறில். இதற்கு வழி இரண்டு. குமுளியை வார நடுவில் வருகிற மாதிரி மாற்றி, மதுரையிலிருந்து விடிகாலையிலேயே கிளம்பி மதியத்துக்குள் மலை ஏறிவிடுவது ஒன்று. குமுளியை அடியோடு விட்டுவிட்டு மதுரையிலிருந்து தேனி, போடி, போடிமெட்டு வழியாக நேரே மூணாறு போவது இன்னொன்று. 17 கொண்டை ஊசி வளைவு, மொத்தம் ஏறக்குறைய ஐந்து மணி நேரம். மிச்சமாகும் இரவுகளில் ஒன்றை மூணாறுக்கும் ஒன்றை மறையூருக்கும் கொடுத்து, சின்னாறு சரணாலயத்தில் வனத்துறை வழிகாட்டியோடு நடக்கலாம். மலைமறைவுப் பகுதி என்பதால் மற்ற இடத்தில் மழை பெய்தாலும் அங்கே பெரும்பாலும் காய்ந்திருக்கும். நரை அணில் (சாம்பல் நிறப் பெரிய அணில்) அங்கே உண்டு, மறையூரில் பெருங்கற்கால முனியறைகளும் (கற்பலகைகளால் ஆன பழைய ஈமச்சின்னங்களும்) உண்டு. யானை அந்தச் சாலையைக் கடக்கும் என்பதால் இரவில் காட்டுச் சாலையை மூடிவிடுவார்கள், வெளிச்சத்திலேயே தாண்டிவிட வேண்டும். டிசம்பரில் நான் தேர்ந்தெடுப்பது இந்த இரண்டாவது வழியைத்தான்.

ஜூன் முதல் ஆகஸ்ட் வரை மலைப்பக்கம் வேண்டவே வேண்டாம். மூணாறு அருகே பெட்டிமுடியில் 2020 ஆகஸ்ட் 6 இரவு மண் சரிந்து தோட்டத்து லயங்கள் அப்படியே புதைந்தன, 70 பேர் போனார்கள். அந்த மாதங்களில் மலிவாகக் கிடைக்கும் பேக்கேஜ் மலிவாக இருப்பதற்குக் காரணம் இருக்கிறது.

வண்டிக்கு வருவோம். 12 பேர், பெட்டிகள், ஒரு வழிகாட்டி என்றால் 17 இருக்கை டெம்போ டிராவலர் வேன் கேளுங்கள். 12 இருக்கை வண்டியில் 12 பேரைப் போட்டால் பெட்டி மடியில் வரும். பெரிய பேருந்து மலைக்கு ஒத்துவராது. நம்பர் பலகை மஞ்சள் நிறத்தில் இருக்க வேண்டும். வெள்ளைப் பலகை சொந்த வண்டி, வாடகைக்கு ஓட்ட அனுமதியில்லை, கேரள எல்லையில் நிறுத்தினால் உங்கள் நாள் போய்விடும், விபத்து நேர்ந்தால் இன்சூரன்ஸ் கிடைப்பதும் சந்தேகம். கேரளப் பர்மிட், சுங்கச்சாவடி, நிறுத்தக் கட்டணம், ஓட்டுநர் பேட்டா (தினப்படி), அவருக்கு இரவு படுக்க இடம் எல்லாம் விலையில் சேர்ந்தவையா என்று ஒவ்வொன்றாகக் கேளுங்கள். ஓட்டுநருக்குப் படுக்கை இல்லாத பேக்கேஜில் அவர் இருக்கையிலேயே சுருண்டு தூங்குவார், மறுநாள் உங்களை வளைவுகளில் ஏற்றப் போகிறவரும் அவரே.

வழிகாட்டி என்ற சொல்லையும் பிரித்துப் பாருங்கள். மலேசியாவிலிருந்து கூட வருபவர், அங்கே வண்டியோட்டுபவர், ஒவ்வோர் ஊரிலும் கோயிலைச் சொல்லித்தரும் உள்ளூர் வழிகாட்டி என்று மூன்று பேர் உண்டு. மலிவுப் பேக்கேஜில் மூன்றும் ஓட்டுநர் ஒருவரே. அவர் வண்டியை விட்டுவிட்டுக் கோயிலுக்குள் வர முடியாது. "மதுரைக் கோயிலுக்குள் எங்களோடு யார் நடப்பார்?" என்று மட்டும் கேளுங்கள், பதிலில் எல்லாம் தெரிந்துவிடும். கடை நிறுத்தம் எத்தனை என்றும் கேளுங்கள். குமுளியில் மசாலா, மதுரையில் பட்டு, இரண்டிலும் அழைத்து வருபவருக்குத் தரகு உண்டு. ஒவ்வொன்றும் ஒரு மணி நேரம் தின்னும்.

பெரியாறிலும் இரவிகுளத்திலும் இந்தியருக்கு ஒரு கட்டணம், வெளிநாட்டவருக்குப் பல மடங்கு. பேக்கேஜில் "நுழைவுக் கட்டணம் உட்பட" என்றிருந்தாலும் அது இந்தியக் கட்டணமாக இருந்து, மிச்சத்தை வாசலில் கேட்பது நடக்கிற கதை. "மலேசியக் கடப்பிதழுக்கான கட்டணம்" என்று எழுத்தில் இருக்கட்டும். உங்களில் யாரிடமாவது ஓசிஐ அட்டை (இந்திய வம்சாவளியினருக்கு இந்திய அரசு தருவது) இருந்தால் அவருக்கு இந்தியக் கட்டணம்தான், விசாவும் தேவையில்லை. மற்றவர்கள் இ-விசாவை gov.in என்று முடியும் அரசுத் தளத்தில் மட்டும் எடுங்கள். அதே முகப்போடு இருக்கும் இடைத்தரகர் தளங்கள் பல உண்டு, பல மடங்கு வாங்குவார்கள். கடப்பிதழில் குறைந்தது ஆறு மாதம் செல்லுபடிக் காலம் வேண்டும். பெயர் கடப்பிதழில் உள்ளபடியே எழுத்துக்கு எழுத்து இருக்க வேண்டும். "a/p", "a/l" (இன்னாரின் மகள், மகன்) உள்ள பெயர்களில்தான் தவறு அதிகம்.

பணம் கட்டுவதற்கு முன், ஏஜென்டுக்குச் சுற்றுலா, கலை, கலாச்சார அமைச்சின் உரிமம் இருக்கிறதா, அது வெளிநாட்டுப் பயணம் நடத்துவதையும் உள்ளடக்கியதா என்று அமைச்சின் இணையத்தளத்தில் பாருங்கள். 1992-ஆம் ஆண்டுச் சுற்றுலாத் தொழில்துறைச் சட்டப்படி அது கட்டாயம். கோயிலில் பழக்கமானவர், சொந்தக்காரர் என்பதெல்லாம் உரிமம் ஆகாது. தோட்டப்புற ஊர்களில் ஆள் தெரியும் என்ற நம்பிக்கையில் தனியாள் வங்கிக் கணக்குக்குப் பணம் போகிறது, பிறகு ரசீதுகூட இருப்பதில்லை. நிறுவனக் கணக்குக்குக் கட்டி, நிறுவனப் பெயரில் ரசீது வாங்குங்கள். தகராறு வந்தால் பயனீட்டாளர் நடுவர் மன்றத்தில் 50,000 வெள்ளி வரையிலான கோரிக்கையை வழக்கறிஞர் இல்லாமல் நீங்களே பதியலாம். அங்கே பேசப்போவது அந்த ரசீதும், எழுதி வாங்கிய திட்டமும்தான்.

அந்த 900 வெள்ளி வித்தியாசத்தை இப்போது பாருங்கள். ஒரு இரவு கூடுதல் அறை, பெரிய வண்டி, உள்ளூர் வழிகாட்டிகள், வெளிநாட்டவர் கட்டணம் ஆகியவை அதில் இருந்தால் விலை நியாயம். இவற்றில் இரண்டு கூட இல்லையென்றால் பேரம் பேசுங்கள், 12 பேர் கொண்ட குழுவுக்கு அந்த உரிமை உண்டு. 23 இடப் பேக்கேஜில் வாசலில் கேட்கும் பணத்தையும் ஓடி ஓடி வெளியே சாப்பிடும் செலவையும் கூட்டினால் வித்தியாசத்தில் பாதி கரைந்துவிடும்.

ஏஜென்டிடம் போகும்போது கையில் நேரம் எழுதிய அந்தத் தாள் இருக்கட்டும். அம்மாவின் மாத்திரை நேரத்தையும் அதில் எழுதுங்கள், இந்திய நேரம் நமக்கு இரண்டரை மணி நேரம் பின்னால் என்பதால் மருத்துவரிடம் கேட்டு மாற்றிக்கொள்ள வேண்டும். மாத்திரைகள் கைப்பையில், மருத்துவர் சீட்டோடு. நம் மூன்று தட்டைக்கால் பிளக் அங்கே சுவரில் ஏறாது, வட்டக்கால் மாற்றி நான்கைந்து வாங்கிக்கொள்ளுங்கள். மலையில் டிசம்பர் இரவு கேமரன் மலையைவிடக் குளிரும், அப்பாவுக்குக் கம்பளித் தொப்பி ஒன்று.